மூன்றாவது சொந்தக்காரர்

பட்டாபிக்குச் சொத்துகளின் பூர்வீகம் தேடுவதுதான் வேலை. கல்கத்தா ஹைகோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வங்காளி சொலிசிட்டரிடம் உதவியாளன். பவானிப்பூர் வீடு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, ஹௌரா கிடங்கை எந்தத் தம்பி எந்த அண்ணனிடமிருந்து பிடுங்கினான் என்று துருவித் துருவி எடுத்துக் கொடுக்க வேண்டும். பாதிக்கு மேல் செத்தவர்கள் விவகாரம். அது அவனுக்கு ஒத்துவந்தது. மனைவி வசுமதி போனபிறகு, உயிரோடிருப்பவர்களிடம் பேசுவதில்தான் சிரமம்.

எழுபத்தொன்பது ஜூலையில் சொலிசிட்டர் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை வீடு இல்லை பட்டாபி, கார். இத்தாலிக் கார். லம்போர்கினி மியூரா. உங்கள் சுந்தரராஜன் அனுப்பிய வேலை. உன்னிடமே கொடுக்கும்படி ரொம்ப வற்புறுத்தினார்."

சுந்தரராஜன் தாரத்தலாவில் பம்பு செய்யும் கம்பெனியின் முதலாளி. வசுமதி கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு ஸ்டெனோ. காளிகாட்டில் பட்டாபி குடியிருக்கும் ஃபிளாட்டும் கம்பெனி பெயரில் எடுத்ததுதான். போன வருஷம் அவள் இறந்தபிறகும் அவர் அவனைக் காலி செய்யச் சொல்லவில்லை. பெரிய மனசு என்று லேக் மார்க்கெட் தமிழர்களிடையே பேச்சு. பட்டாபியும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

காரை வாங்க பம்பாயில் ஒருவர் தயாராக இருந்தார். ஆனால் அவருக்கு வெறும் கார் போதாது. கப்பலிலிருந்து இறங்கிய நாள்முதல் அது யார் யாரிடம் இருந்தது, நடுவில் எங்காவது சங்கிலிக் கண்ணி விட்டுப்போயிருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். இந்த மாதிரிக் கார்களில் ஒன்றின் கூட்டுக்குள் இன்னொன்றின் என்ஜினை வைத்துத் தலையில் கட்டிவிடுகிறவர்கள் உண்டாம்.

முதல் சொந்தக்காரரைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. துர்காபூரில் தொழிற்சாலை கட்ட வந்த இத்தாலிய என்ஜினீயர். ஞாயிறு காலையில் ரெட் ரோடில் அதை ஓட்டுவார், ஆட்கள் மரத்தடியில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஊருக்குத் திரும்பியபோது அரசாங்கத்தின் வழியாக விற்றுவிட்டுப் போனார்.

இரண்டாவது ஆள் அலிப்பூரில் ஒரு தேயிலைக் குடும்பத்துப் பிள்ளை. இப்போது நன்றாகப் பருத்திருந்தார். "அதில் ஏற முடியாது. ஏறினால் இறங்க முடியாது. மழை பெய்தால் படகு மாதிரி தண்ணீர் வாங்கும்," என்று தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "எழுபத்துநாலில் தள்ளிவிட்டேன். யாரோ மதராஸி ஆள் அனுப்பி எடுத்துப்போனார்."

மூன்றாவது பெயருக்காகப் பட்டாபி பேல்தலா மோட்டார் வாகன அலுவலகத்துக்குப் போனான். அங்கே குமாஸ்தா ஒருவர் வாயில் வெற்றிலையோடு பதிவேட்டைப் புரட்டினார்.

"ஓனர் லேடி, சார். எங்கள் வீட்டில் லேடி பெயரில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது, இங்கே பாருங்கள், லம்போர்கினி!" என்று பக்கத்து மேஜைக்காரரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டு வாசித்தார். "வசுமதி. தகப்பனார் சீதாராமன். லேக் ரோடு."

பட்டாபி எழுதிக்கொண்டான். மாமனார் பெயரில் நெடில் விட்டுப்போயிற்று. திருத்தினான். வெளியே வந்து டிராமுக்கு நின்றான். டிராம் வந்தது, போயிற்று. அவன் ஏறவில்லை.

விஷயம் புரியாமலில்லை. வரிக்காரர்களின் கண்ணில் படாமலிருக்க முதலாளிகள் டிரைவர் பெயரிலும் குமாஸ்தா பெயரிலும் சொத்து வாங்குவதை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. வசுமதிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலையில் புதிது. புரியாதது ஒன்றுதான். அவனிடம் ஏன் சொல்லவில்லை?

என்ஜின் எண்ணைச் சரிபார்க்க அடுத்த நாள் கார்டன் ரீச் போனான். நதியோரம், கப்பல் பட்டறைச் சத்தம் கேட்கும் தூரத்தில், முகமது இஸ்மாயிலின் ஷெட். அவர் ராமநாதபுரத்துக்காரர், கார் அவர் பொறுப்பில் இருந்தது. பட்டாபி வக்கீல் ஆபீசிலிருந்து வருகிறான் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

இஸ்மாயில் தார்ப்பாயை இழுத்தார். ஆரஞ்சு நிறம். இடுப்புக்குக்கூட வராத உயரம். படுத்திருந்த விளக்குகளைச் சுற்றி மை தீட்டிய இமைபோலக் கறுப்புப் பட்டைகள்.

"நாங்க தவளைன்னுதான் சொல்லுவோம். மொதலாளி ஓட்ட மாட்டாக. ஞாயித்துக்கிழம வருவாக, உள்ள ஒக்காந்து ஸ்டார்ட் பண்ணுவாக, சத்தத்தக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாக. பாட்டுக் கச்சேரிக்கு வந்த மாதிரி."

இருக்கைக்குப் பின்னால் மூடியைத் தூக்கிக் காட்டினார். பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் குறுக்காகக் கிடந்தது. எண் சரியாக இருந்தது.

"ஓனர் யாரோ ஒரு அம்மாவாமே. வந்திருக்காளா?"

"ஒரு வாட்டி. இன்சூரன்ஸ்காரன் ஓனரப் பாத்தாத்தான் ஆச்சுன்னு நின்னுட்டான். மொதலாளி அந்தம்மாவக் கூட்டியாந்து உள்ள ஒக்கார வச்சாக. கதவ அடைச்சாச்சு, தெறக்கத் தெரியல. சேல வேற கதவுல மாட்டிக்கிருச்சு. நான் ஓடி வர்றதுக்குள்ள கண்ணாடியத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாக. 'பாய், ஓனர் நான்தானாம், என்னையே பிடிச்சு வச்சுண்டுடுத்து பாருங்கோ'ன்னாக. தங்கமான பொண்ணு."

நீலப் புடவை. ஓரத்தில் கிரீஸ். டிராமில் பட்டுவிட்டது என்று அவள் சொன்னாள், அவனும் நம்பினான். அவளுடைய துணிகளை எல்லாருக்கும் கொடுத்தபோது, கறைபட்டதை யார் தலையில் கட்டுவது என்று அதை மட்டும் அலமாரியிலேயே விட்டுவிட்டான்.

இஸ்மாயில் சுவரைக் காட்டினார். நெஞ்சுயரத்தில் சேற்றுக்கோடு. "போன வருச வெள்ளம். இவ்வளவு தண்ணியிலயும் தவள மேல ஒரு சொட்டுப் படல தெரியுமா? மொதலாளி கம்பெனி லாரிய அனுப்பிட்டாக. எட்டு ஆளு. ட்ரம்மு அடுக்கி மேல ஏத்துனோம். தண்ணி வடியிற வரைக்கும் லாரி இங்கனயேதான் நின்னுச்சு."

"எந்தக் கிழமை?"

"வியாழக்கெழம. எதுக்குத் தம்பி?"

பட்டாபி சேற்றுக்கோட்டின்மேல் விரலை வைத்தான். அந்த வியாழக்கிழமை காளிகாட்டில் டாக்ஸி கிடையாது. ஆம்புலன்ஸ் வராது. வசுமதிக்கு ஜுரம் தலைக்கேறி அவனையே யாரென்று கேட்டாள். தண்ணீரில் நடந்துபோய் மருந்துக்கடையிலிருந்து கம்பெனிக்கு ஃபோன் செய்தான். "லாரி ஒண்ணுதான் சார் தண்ணியில போகும். அது கார்டன் ரீச் போயிருக்கு," என்றது ஒரு குரல். கம்பெனிச் சரக்கு ஏதோ என்று நினைத்துக்கொண்டான். கைரிக்‌ஷாவில் வைத்து அழைத்துப்போனான். இழுப்பவனுக்கு இடுப்பளவு தண்ணீர். ஹாஸ்ரா சந்திப்பைத் தாண்டும்போது அவள் நடுங்குவது நின்றது. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தான்.

சுந்தரராஜன் நியூ அலிப்பூர் வீட்டில் மேல்துண்டோடு உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டச்சு செய்த காகிதங்கள், பேனா.

"வாடா பட்டாபி. காபி சாப்பிடு. பார்த்தியோல்லியோ, எல்லாம்? நானா சொன்னா நன்னா இருக்காது. நீயே தெரிஞ்சுண்டா ஒனக்கே புரியும்னுதான் ஒங்கிட்ட விட்டேன்."

"புரிஞ்சுது சார்."

"வாரிசு நீதான். அவளோட புருஷன்னு போட்டு ஒரு கையெழுத்து. அப்பறம் பம்பாய்க்காரன் பேருக்கு மாத்திட்டா நிம்மதி. அவகிட்ட ஒங்கிட்டக்கூட மூச்சு விடப்படாதுன்னு சொல்லியிருந்தேன். நல்ல பொண்ணு, சொன்ன வாக்கைக் காப்பாத்தினா."

பட்டாபி காகிதத்தைப் பார்த்தான். மறைந்த வசுமதியின் கணவர். ஆஸ்பத்திரி, கேவ்ராதலா மயானம், பாங்க், பிராவிடண்ட் ஃபண்ட் என்று எல்லா இடத்திலும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தான். ஒரு தடவைகூடக் கை தயங்கியதில்லை.

"அன்னிக்கு வெள்ளத்துல நான் கம்பெனிக்கு ஃபோன் பண்ணினேன் சார். லாரி கேட்டு."

"எந்த ஃபோன்?" அவர் நிஜமாகவே முழித்தார். "எனக்கு யாரும் சொல்லலையேடா."

சொல்லியிருக்க மாட்டார்கள். அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் மாறவில்லை. பேனாவை மூடி வைத்தான்.

"கையெழுத்துப் போடலை."

"என்னது?"

"வண்டி வசுமதியோடது. இப்போ என்னோடது. நான் விக்கலை."

"ஒனக்குப் பைத்தியமா? அது என் வண்டிடா!"

"அப்படியே எழுதிக் கொடுங்கோ சார். நாளைக்கே விட்டுக் கொடுத்துடறேன்."

சுந்தரராஜன் காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோர்ட்டுக்குப் போனால் நிரூபித்துவிடலாம். நிரூபித்தால் வரிக்காரன் வாசலில் நிற்பான். அவர் தோண்டிய குழிதான். தானும் அதற்குள்தான் நிற்கிறோம் என்று அப்போதுதான் பார்த்தார்.

"ஃபிளாட் கம்பெனியோடது, ஞாபகம் இருக்கட்டும்."

"காலி பண்ணிடறேன்."

"ஓட்டத் தெரியாது. பெட்ரோல் போட முடியாது. வித்தா எங்கேருந்து வந்ததுன்னு ஒன்னைக் கேப்பான். என்னடா பண்ணப் போறே அதை வச்சுண்டு?"

பட்டாபி டம்ளரை எடுத்தான். காபி ஆறியிருந்தது, குடித்துவிட்டு எழுந்தான். சொலிசிட்டருக்கான அறிக்கையை மறுநாள் எழுதினான். முதல் சொந்தக்காரர், இரண்டாவது, மூன்றாவது. சங்கிலி எங்கும் அறுபடவில்லை. பம்பாய்க்காரர் வேறு கார் பார்க்கப் போனார்.

ஆகஸ்டில் மழை விடாமல் அடித்தது. பட்டாபி அப்போது ஒரு மெஸ்ஸில் இருந்தான். ஆபீசுக்கு இஸ்மாயில் ஃபோன் செய்தார். "ஓனரு நீங்கதான், இனிமே உங்கட்டத்தான் கேக்கணும்னு மொதலாளி சொல்லிட்டாக. தண்ணி ஏறுது தம்பி. என்ன செய்ய?"

போய்ச் சேர்ந்தபோது டயர் பாதி மூழ்கியிருந்தது. நதியும் பெருகி வந்துகொண்டிருந்தது. இஸ்மாயில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ட்ரம்மு இருக்கு. ஆளும் புடிச்சுரலாம். கட்டி இழுத்துத் தூக்க லாரி வேணும்."

"லாரி இல்லை பாய்."

"மொதலாளிட்டக் கேட்டா என்ன தம்பி, கேட்டுப் பாக்கலாமுல்ல?"

பட்டாபி கதவைத் திறந்தான். குனிந்து, மடங்கி, ஒருவழியாக உட்கார்ந்து கதவைச் சாத்தினான். தோல் இருக்கையில் பெட்ரோல் வாசனை. கூரை தலையை இடித்தது. கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கால்மாட்டில் தண்ணீர் கசிந்து வந்தது.

இஸ்மாயில் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டினார். வாய் அசைவது தெரிந்தது, மழையில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளிருந்து பட்டாபி ஒரு தடவை தட்டிப் பார்த்தான். அவள் தட்டிய இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சிரிப்பு வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டான்.