காலஞ்சென்ற நீலகண்டன்

மகள் கல்யாணப் பத்திரிகையில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் பங்கஜவல்லி கூடுதலாகப் போடச் சொன்னாள். அதற்கே அச்சாபீஸ் சுப்ராயன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரை நேத்துகூட பஸ்ஸுல பாத்தேனே. 'காலஞ்சென்ற நீலகண்டன்'னு போடச் சொல்றீங்களே?"

"போடுங்க. எனக்கு அந்த ஆளு செத்துப் பதினாலு வருஷம் ஆச்சு."

அநியாயமா? சரி, அநியாயம்தான். அந்த மகராசன் செய்ததற்கு என்ன பெயராம்? எழுபதாம் வருஷம், ஆறு வயசு மகள் அல்லி அம்மை போட்டு வேப்பிலையில் கிடந்தபோது விட்டுவிட்டுப் போய், திருவேட்டக்குடியில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்தான். சுரக்குடி சனங்கள் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளைத்தான் வாழாவெட்டி என்றார்கள். அந்த வாழாவெட்டிதான் விட்ட படிப்பைப் படித்து, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் குமாஸ்தாவானாள். தாலியை உருக்கி மகளுக்குத் தோடு பண்ணிப் போட்டாள்.

இப்போது அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அவன் பக்கத்தில் நிற்காமல், தான் மட்டும் நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். உள்ளூர் ஐயருக்குக் கதை தெரியும், ஒத்துக்கொண்டார். மாயவரத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் 'அப்பா இல்லை' என்று சொல்லியாயிற்று.

முகூர்த்த நேரம். பங்கஜவல்லி தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா காசியம்மா மெல்ல அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. புருஷன் இல்லாதவங்க கையால தாரை வாக்குறது எங்க பக்கம் வழக்கமில்லீங்க. உங்க அண்ணனும் அண்ணியும் வாக்கட்டும்."

அடிப்பாவி பங்கஜம்! அவனைச் சாகடிக்க மட்டும்தான் யோசித்தாய். அவன் செத்தால் நீ என்ன ஆவாய் என்று யோசித்தாயா?

ஐயர் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தர்ப்பையை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீலகண்டன் வந்தான். சட்டைப்பையில் பத்திரிகை, வாய் நிறைய வெற்றிலை. அழையாமலே வந்திருந்தான். அவள் காதோரம் குனிந்தான்.

"நீதானே கொன்ன? நீயே எழுப்பு. இவருதான் என் புருஷன்னு ஒரு வார்த்தை சொல்லு பங்கஜம். சேந்தே நின்னு வாப்போம்."

மணையிலிருந்து அல்லி கண் கலங்கப் பார்த்தாள். "சொல்லிடேன்மா."

ஒரு வார்த்தைதான். சொன்னால் செம்பு கைக்கு வரும். ஆனால் அவன் கையும் கூடவே வரும். பதினாலு வருஷம் அவள் பட்டதெல்லாம், கடைசியில் அவன் திரும்பி வந்த கதையாகிப் போகும். இரண்டு பக்கமும் அவனே ஜெயிக்கிற மாதிரி இதை எவன்தான் ஏற்படுத்தி வைத்தானோ!

"இவரு யாருங்க?" என்றாள் காசியம்மா.

பங்கஜவல்லி செம்பை அண்ணி கையில் கொடுத்தாள்.

"தெரியலீங்க. எங்க வீட்டுக்காரரு உசிரோட இருந்தா, இவரு வயசுதான் இருக்கும்."

சொல்லிவிட்டு மணமேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்குப் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றாள். கெட்டிமேளம் கொட்டியது. மகள் கழுத்தில் தாலி ஏறியது அவளுக்குத் தெரியவில்லை, முன்னால் நின்றவர்கள் மறைத்தார்கள். செத்தவன்தான் முன்வரிசையில் நின்று அட்சதை போட்டான்.