அந்திச் சோதனை

சென்சார் பொய் சொல்கிறது என்று முதலில் கத்தியவள் நான்தான். காரின் முன்கண்ணாடியில் உட்பக்கமாக ஒட்டியிருக்கும் நகம் அளவுக் கருவி அது. வெளிச்சம் குறைந்ததும் முன்விளக்குகளைத் தானாக எரிய வைக்க வேண்டும். எவ்வளவு குறைந்தால் எரியலாம் என்று எல்லை வைப்பது என் வேலை. அந்தி நேரத்தில் காரில் போவேன். சாலை மங்கலாகிவிட்டது என்று என் கண்ணுக்குப் பட்டதும் பொத்தானை அழுத்துவேன். அந்த நேரத்து வெளிச்சம்தான் எல்லை. பல மாடல்களுக்கு என் கண்தான் அளவுகோல், யாரும் குறை சொன்னதில்லை.

இந்த மாடலில் மட்டும் விளக்கு தாமதமாகவே எரிந்தது. முன்கூட்டியே எரியும்படி எல்லையை ஏற்றினேன். அப்போதும் தாமதம். இன்னும் ஏற்றினேன். கண்ணாடியை மாற்றச் சொன்னேன். ஒட்டும் பசையில் காற்றுக் குமிழி என்றேன். கருவி செய்து தரும் கம்பெனிக்காரனைத் தொலைபேசியில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

சோதனை ஓட்டுநருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆந்தை. இரவில் ஓட்டுவதென்றால் அவருக்கு அவ்வளவு குஷி. நான் பொத்தானை அழுத்தும்போதெல்லாம், இன்னும் வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று முனகுவார். ஆந்தைக்கு எப்போதுதான் இருட்டு என்று நான் கடிப்பேன்.

வேலையை ஒப்படைக்கும் நாளில் மேலதிகாரி பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார். பட்டப்பகல். ஒரு மரநிழலுக்குள் நுழைந்ததுமே முன்விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அவர் சிரித்துவிட்டு, சரிசெய்யச் சொல்லி இறங்கிப் போனார். ஆந்தை சிரிக்கவில்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நேத்து சாயந்திரம் நீங்க பட்டனை அழுத்தினப்போ, ரோட்டோர போர்டுல இருந்த சின்ன எழுத்தைக்கூட என்னால படிக்க முடிஞ்சுது. கோளாறு சென்சார்ல இல்லன்னு தோணுது."

திட்ட வாயைத் திறந்தேன். அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா நாலு மணிக்கே வீடு முழுக்க விளக்குப் போடுவார். பகலிலேயே என்ன கூத்து என்று அம்மா சண்டைக்குப் போவாள். பொழுது சாய்ந்தால் வெளியே வரமாட்டார். கேட்டால் கால் வலி என்பார். கண் நோய் என்று தெரிந்தபோது பாதிப் பார்வை போயிருந்தது. இதற்கு மருந்தில்லை, பரம்பரையாக வரும் என்றார் டாக்டர். எனக்கு வராது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன், ஏதோ என்னைக் கேட்டுவிட்டுத்தான் வரும் என்பது போல.

ஆய்வறைக்கு ஓடினேன். இருந்த சென்சார்களையெல்லாம் ஒவ்வொன்றாக இருட்டுப் பெட்டியில் வைத்து, வெளிச்சம் அளக்கும் மீட்டரோடு ஒப்பிட்டேன். ஒன்றாவது கெட்டுப்போயிருக்கக்கூடாதா என்று வேண்டாத தெய்வமில்லை. கருவி கெட்டிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணை எங்கே போய் மாற்றுவது? எல்லாம் மயிரிழை பிசகாமல் சரியாகக் காட்டின.

அதன் பிறகு என் கண்ணை நினைக்கக்கூட எனக்கு நேரமில்லை. வீட்டில் மகள் இருக்கிறாள். அவள் சாயங்காலமானால் விளையாடப் போகாமல் வீட்டிலேயே இருப்பது சமர்த்து என்று இத்தனை நாள் பெருமையடித்தவள் நான்.

சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போனேன். கூடத்தில் விளக்குப் போடவில்லை. என் கண்ணுக்குச் சுவரும் கதவும் ஒன்றாகிப் போகும் வரை பொறுத்திருந்து, அவளைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்து, ஒரு பென்சிலைத் தரையில் போட்டேன். அது எங்கோ உருண்டது.

"விளக்கைப் போடாம எடு பாக்கலாம்."

அவள் நகரவில்லை. இவளுக்குமா என்று வாய்க்குள்ளேயே அழுதேன்.

"என்னம்மா, தெரியலையா?" என்றேன்.

"உன் கால்கிட்டதானே கிடக்கு. நீயே எடேன்."

குனிந்தேன். தரையைத் தடவினேன். தரைதான் தட்டுப்பட்டது. அவளுக்குத் தெரிகிறது, இன்றைக்காவது தெரிகிறது என்று கண்ணீர் கொட்டக் கொட்டத் தடவிக்கொண்டேயிருந்தேன்.

அவள் அருகில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்க இல்லம்மா. இந்தப் பக்கம்."