பெண் செத்துப்போகிற படம்

தயாரிப்பாளர் எங்கள் ஸ்டுடியோ கதவைச் சாத்தியதும், கூட வந்த தடியன் முதல் அடியை என் மாப்பிள்ளைக்குக் கொடுத்தான். மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். நான் படத்தை வெட்டி ஒட்டித் தொகுக்கிறவன். அதற்கு ஒலி சேர்ப்பது அவன். அடுத்த தெருவில் குழாய் சொட்டினால் இங்கிருந்தே சொல்லிவிடுவான். பாம்புச்செவி என்றுதான் தொழிலில் கூப்பிடுவார்கள். என் தங்கை வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் காதால்தான்.

நாளைக்குத் திரைக்கு வரவேண்டிய படம், இன்று காலையிலேயே இணையத்தில் வந்துவிட்டது. யார் விட்டது என்று கேட்க வந்தவர்கள் கேள்வியைக் கையால் கேட்டார்கள்.

"பிரிண்ட் உன் வீட்லயும் இருக்கு, இவன் மிஷின்லயும் இருக்கு. வேற எவன்கிட்ட இருக்கு?" என்றார் தயாரிப்பாளர் மாப்பிள்ளையிடம், என்னைக் கைகாட்டி.

"நான் அனுப்பல சார்," என்றான் மாப்பிள்ளை, பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கும்படி. அவன் பேச்சே அப்படித்தான். சத்தம் போட்டால் காது வலிக்குமாம்.

தடியன் உள்ளங்கை இரண்டையும் விரித்து, அவன் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் அறைந்தான்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. ஸ்டூலைத் தூக்கித் தடியன் முதுகில் போட்டேன். கால் ஒடிந்தது, ஸ்டூலின் கால். அவன் திரும்பி என் முடியைப் பிடித்து மேசை விளிம்பில் முகத்தை மோதினான். பல் ஒன்று நாக்கில் கிடந்தது. கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தான். நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிடலாமா, மாப்பிள்ளையின் காதாவது மிஞ்சுமே என்று நினைத்தேன்.

"எத்தன தடவ மாத்தி வெட்டினோம் சார். எந்தப் பிரிண்டுன்னு பாத்தாலே தெரிஞ்சிருக்குமே. பாத்தீங்களா?" என்றேன்.

"திருட்டுப் படத்த நான் தொடமாட்டேன்டா. மேடைக்கு மேடை அதத்தான் பேசுறேன்."

நானும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையும் பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் அதைப் பார்ப்பது சொந்தச் சோற்றில் துப்புவது மாதிரி. பெரிய கௌரவம், மண்ணாங்கட்டி.

தடியன் மாப்பிள்ளையை நிமிர்த்தி ஒரு காதில் குத்தினான். மறுபடியும் குத்தினான். ரத்தம் காதிலிருந்து காலருக்குள் இறங்கியது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, ஆறுதல் சொல்கிறவனைப் போல முதலாளியிடம் சொன்னான்: "படம் நல்லாத்தாண்ணே இருக்கு. அந்தப் பொண்ணு தண்ணில மூழ்கிச் சாகுறப்ப நானே அழுதுட்டேன்."

"நீ எங்கடா பாத்த?"

"போன்லதான். எல்லாருந்தான் பாக்குறாங்க."

தயாரிப்பாளரின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் படத்தில் அந்தப் பெண் சாகமாட்டாள். முதலில் செத்தாள். நடித்தது அவர் மகள். முதல் பிரதியை வீட்டில் போட்டுக் காட்டினார். மனைவி தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து மறுநாளே மகளைப் பிழைக்கவைக்கச் சொன்னார். அபசகுனம் என்று என் மிஷினில் இருந்த பழையதைத் தன் கையாலேயே அழித்தார். பெண் பிழைத்த பிறகுதான் படம் மாப்பிள்ளை கைக்கே போனது. அவள் சாகிற பிரதி மிச்சமிருந்த ஒரே இடம் அவர் வீடு.

"வீட்டுக்குப் போன் போடுங்க," என்றேன். ரத்தத்தில் வாய் குழறியது.

போட்டார். அந்த அம்மாளின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"எங்கக்காவுக்கு மட்டுந்தாங்க அனுப்பினேன். பெத்த பொண்ணு மாதிரி வளத்தவ, பாக்க வேணாமா? அவ தன் நாத்தனாருக்கு அனுப்பிருக்கா. குடும்பத்துக்குள்ள குடுத்துக்குறது ஒரு திருட்டா? நம்ம பொண்ணுக்காக எத்தன பேரு அழுதிருக்காங்க தெரியுமா?"

தடியன் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். அவனை அப்போதே கொன்றுபோட வேண்டும் போலிருந்தது, எழுந்திருக்க முடியவில்லை.

தயாரிப்பாளர் போனை அணைக்காமலே மாப்பிள்ளை முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தப்பு நடந்துபோச்சு தம்பி. மனசுல வச்சுக்காத."

மாப்பிள்ளை அவர் உதடு அசைவதையே பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். மறுபடி அடி விழும் என்று நினைத்தானோ என்னவோ, முழங்கையால் தலையை மூடிக்கொண்டு, பிறந்ததிலிருந்து போட்டறியாத சத்தத்தில் கத்தினான்.

"நான் அனுப்பல சார்."