கடிகாரச் சுற்றில் ஐந்து வட்டங்கள்

தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில், பம்போடு அட்டைப்பெட்டிக்குள் போகிற கையேட்டைத் தயாரிப்பது அவர் வேலை. படத்தில் ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு கோடு இழுப்பார். கோட்டின் நுனியில் கறுப்பு வட்டம், அதற்குள் வெள்ளையில் எண். எந்த எண் எந்தப் பாகம் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். வருஷக்கணக்காக இதையே செய்ததில் ஆபீஸில் அவருக்கு வட்டம் என்றே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்று மட்டும் வெளியே வந்துபோகும்.

வட்டத்துக்குச் சில கொள்கைகள் உண்டு. எண்கள் கடிகாரம் சுற்றுகிற திசையில்தான் போக வேண்டும். வட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். கோட்டைக் கோடு வெட்டினால் அவருக்கு அன்று சோறு இறங்காது. பௌர்ணமி நிலாவைப் பார்த்து, உள்ளே எண் போடாமல் விட்டுவிட்டார்களே என்று அவர் வருத்தப்படுவதாக ஆபீஸில் ஒரு பேச்சு. அது சுத்தப் பொய். அவர் வருத்தப்பட்டது தேய்பிறைக்கு.

தன் கல்யாணப் போட்டோவில்கூட ஆளுக்கொரு வட்டம் போட்டு, கீழே பெயர் எழுதி மாட்டினார். மச்சானுக்கு மூன்று, தனக்கு ஒன்பதா என்று கேட்டுவிட்டுப் போன சித்தப்பா, செத்த பிறகுதான் அந்த வீட்டு விசேஷத்துக்கு வந்தார், அதுவும் மாலை போட்ட படமாக. வட்டத்துக்குக் கடைசிவரை புரியவில்லை. எண் அடையாளத்துக்குத்தானே, இதில் முன்ன பின்ன எங்கே வந்தது?

மனைவிக்கு நுரையீரல் கெட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து மூச்சு மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இடுப்பளவு உயரப் பெட்டி. காற்றை இழுத்து, ஆக்ஸிஜனைப் பிரித்து, ஒரு தண்ணீர் பாட்டில் வழியாக விட்டு, குழாயில் அவள் மூக்குக்கு அனுப்பும். பகலில் பார்த்துக்கொள்ள வட்டத்தின் அக்கா வந்து சேர்ந்தாள்.

மெஷினோடு ஒரு தாள் வந்திருந்தது. இப்படி இப்படிச் செய் என்று நாலு வரி, பக்கத்தில் ஒரு படம். படத்தின்மேல் கொசு மொய்த்ததுபோல எழுத்துகள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. வட்டம் அதைக் கையில் எடுத்த விதத்தைப் பார்த்து, உடம்பு சரியில்லாதது அவருக்குத்தான் என்று அக்கா நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வேறு வரைந்தார். ஒன்று சுவிட்ச். இரண்டு காற்றைக் கூட்டிக் குறைக்கிற திருகு. மூன்று தண்ணீர் பாட்டில். நான்கு தூசி வடிகட்டியின் மூடி. ஐந்து குழாய் சேருமிடம். கடிகாரச் சுற்றில் ஐந்தும் அழகாக அமைந்தன. பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதைச் சுவரில் ஒட்டினார்.

"பளிச்சுன்னு இருக்குடா தம்பி," என்றாள் அக்கா. "கண்ணாடி போடாமலே தெரியுது."

வட்டங்கள் தெரிந்தன. கீழே இருந்த பொடி எழுத்து தெரியவில்லை. அதை அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதன்பின் மனைவி நாளுக்கு நாள் இளைத்தாள். உதடு நீலம் பாய்ந்தது. டாக்டர் திருகைக் கூட்டி வைக்கச் சொன்னார், கூட்டினார்கள். இன்னும் கூட்டச் சொன்னார். கடைசியில், "நோய் அதன் போக்குல போகுதுங்க," என்றார். வட்டம் தலையை ஆட்டினார். நோய்க்கு ஒரு போக்கு உண்டு என்பது அவருக்கு நியாயமாகவே பட்டது.

ஒரு நாள் காய்ச்சலில் லீவு போட்டு வீட்டிலிருந்தார். சாப்பாடு முடிந்து அக்கா மெஷினிடம் போனாள். சுவரைப் பார்த்தாள்.

"ஒண்ணு," என்று சுவிட்சை அணைத்துப் போட்டாள். "ரெண்டு," என்று திருகை ஒரு சுற்று சுற்றித் திரும்பக் கொண்டுவந்தாள். "மூணு." ஓடுகிற மெஷினிலிருந்து பாட்டிலைக் கழற்றி, தண்ணீரைப் பார்த்து, மறுபடி மாட்டினாள். மரை ஏறவில்லை. நாலு, மூடியைத் திறந்து மூடினாள். ஐந்து, குழாயைப் பிடுங்கிச் செருகினாள்.

பாட்டில் கழுத்தில் காற்று உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. அறைக்கு நல்ல ஆக்ஸிஜன். குழாயில் ஒன்றுமில்லை.

"என்னக்கா பண்ற?"

"நீ போட்டபடிதான்டா. நீ ஆபீஸ் போனதும், மதியம், நீ வர்றதுக்கு முன்ன. ஒரு நாள் ஒரு நம்பர் விட்டதில்ல. வேணும்னா உன் பொண்டாட்டியக் கேளு."

அவர் எழுந்துபோய்ப் பாட்டிலை இறுக்கினார். உஸ் நின்றது. மனைவியின் மார்பு ஒருமுறை பெரிதாக ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் முகத்தில் நிறம் திரும்பியது.

அக்கா பாத்திரம் கழுவப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏன் சொல்லல?"

"நீங்க போட்ட நம்பர்," என்றாள் அவள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "தப்பா இருக்கும்னு நினைக்கல. ஒண்ணுன்னதும் மூச்சப் பிடிச்சுக்குவேன்."

"அக்காகிட்ட..."

"வேணாம். அண்ணி ராத்திரி பகலா பார்த்தாங்க. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க."

அன்று சாயங்காலமே சுவரிலிருந்த தாளை எடுத்துவிட்டு வேறு ஒட்டினார். பெட்டிப் படத்தில் சுவிட்சுக்கு மட்டும் ஒரு கோடு. கீழே கொட்டை எழுத்தில்: இதைப் போடவும். வேறு எதையும் தொட வேண்டாம்.

"ஏன்டா மாத்துற? பழசு எவ்வளவு அழகா இருந்துச்சு."

"கம்பெனில முறைய மாத்திட்டாங்கக்கா."

"வேலையத்த கம்பெனி," என்றாள் அக்கா. ஒரு வாரம் அவளுக்கு மனசே ஆறவில்லை.

மனைவியின் உதட்டு நீலம் குறைந்தது. டாக்டர், இனி மோசமாகாது என்றார். போன சக்தி வருமா என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே, "போனது போனதுதான்," என்றார். அவள் மறுபடி எழுந்து நடக்கவில்லை.

வட்டம் ஆபீஸுக்குத் திரும்பினார். புது பம்புக்குப் படம் வந்திருந்தது. அதை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு மேலாளர் அறைக்குப் போனார்.

"பாகத்துக்கு எழுத்துப் போடலாம் சார். எண்ணைச் செய்யவேண்டிய வரிசைக்கு மட்டும் வெச்சுக்கலாம்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா சொல்றது? இந்த முறையக் கொண்டுவந்ததே நீங்கதானே. யாராவது புகார் பண்ணாங்களா?"

செய்தவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. பட்டவள் வாய் திறக்கவில்லை. வட்டம் யோசித்துப் பார்த்தார்.

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? போய் வேலையப் பாருங்க."