அரேன்மோக் மரியாதை

சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்த கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். குளிருக்கு வீட்டைச் சூடாக்கத் தரைக்கடியில் ஓடும் வெந்நீரை ஒவ்வோர் அறைக்கும் பிரித்துவிடும் பித்தளைப் பிரிப்பான் அங்கேதான் இருக்கிறது. எங்கள் இஞ்சியோன் நகரத்தில் எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் சமையலறைத் தொட்டிக்குக் கீழேதான். பச்சைக் களிம்பேறி, சொட்டிச் சொட்டி, பலகையெல்லாம் ஊறி உப்பியிருந்தது. அதை ஒட்டியே என் கணவர் கியூசோக் அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்திருந்தார். அந்தச் சூட்டில் பெருகிய வண்டுகள் மூட்டை வாயில் ஊர்வலம் போயின. ஒன்று என் கைமேலேயே ஏறியது.

"இந்தக் கருமம் இனிமே சமையக்கட்டுல வேணாம்," என்றேன்.

தரையைப் பெயர்த்துப் புதுக் குழாய் போட வந்திருந்த பியோன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"மாத்தலாம்மா. ஆனா எங்க வெக்கிறீங்களோ அங்க எல்லாக் குழாயும் வந்து சேரும். தரை கொதிக்கும். தண்ணி சலசலன்னு கேக்கும். ஒழுகினாலும் அங்கதான் ஒழுகும். பெரிய ரூம் அலமாரி இருக்கு, இல்லேன்னா சின்ன ரூம்."

பெரிய அறை எங்களுடையது. அலமாரியில் கியூசோக்கின் கோட்டுகள் தொங்குகின்றன. அவர் யோசிக்கக்கூட இல்லை.

"சின்ன ரூம்ல வெச்சிருங்க."

சின்ன அறை மாமாவுக்கு. மாமியார் போனபிறகு தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவர், இந்தக் குளிருக்கு எங்களோடு வந்துவிடப் போகிறார். அறையைப் பார்க்க அன்று வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் கியூசோக்கின் குரலில் சர்க்கரை கொட்டியது.

"அப்பா, உங்களுக்கு அரேன்மோக் ரெடி பண்றேன். வீட்லயே சூடான தரை. அது பெரியவங்க எடமில்லையா?"

பழைய வீடுகளில் அடுப்பை ஒட்டிய கதகதப்பான தரைக்கு அந்தப் பெயர். வீட்டுக்கு மூத்தவர் இருக்கையில் வேறு யாரும் அங்கே உட்கார மாட்டோம். இங்கே கோட்டு கசங்கக் கூடாதென்று பெற்ற அப்பனைக் கொதிக்கும் தரையில் கிடத்துவார்களாம், அதற்கு மரியாதை என்று பெயராம். அந்த அரிசி வண்டே தேவலாம் என்றிருந்தது.

மாமா சின்ன அறைக்குள் போய்க் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அரேன்மோக்ல இன்னொண்ணும் வெப்போமேடா. மறந்துட்டியா?"

"என்னப்பா?"

"வேகவெச்ச சோயா, புளிக்கிறதுக்கு. கம்பளியப் போட்டு மூடிருவோம். நூல் விட்டு, நாத்தம் வர்ற வரைக்கும் ஒருத்தரும் தெறந்து பாக்க மாட்டோம்." சிரித்தார். "நல்ல எடந்தான். வெச்சிட்டுப் போ."

கியூசோக்கும் சேர்ந்து சிரித்தார். "எங்கப்பாவுக்கு எப்பவும் தமாஷ்தான்," என்று பியோனிடம் பெருமை வேறு.

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. இந்த மனுஷன் சாப்பிட்ட தட்டைத்தான் இத்தனை வருஷமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

"எங்க அடையாளம் போடணும்மா?" பியோன் சுண்ணக்கட்டியோடு நின்றார்.

பெரிய அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். கோட்டு, சட்டை எல்லாவற்றையும் ஒரே அணைப்பில் வாரிக் கட்டிலில் போட்டேன்.

"ஏய், என்ன பண்ற? என் கோட்டு!"

"இங்க போடுங்க," என்றேன் பியோனிடம். பிறகு கியூசோக்கிடம், "நமக்கும் வயசாகுதில்ல? உங்க அரேன்மோக்குல நீங்களே படுங்க."

கியூசோக் கட்டில் பக்கம் பாய்ந்தார். வாசற்படியில் மாமா நிற்பதைப் பார்த்துவிட்டு, கசங்கிய கோட்டை நீவிவிட ஆரம்பித்தார்.

பியோன் குனிந்து சுவரில் கட்டம் போட்டார். என் கையிலிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும், கட்டிலில் கிடந்த வெள்ளைச் சட்டையின் காலரில் ஓர் அரிசி வண்டு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை.