பல் டாக்டர் பிரித்த எஞ்சின்

பல் டாக்டர் தன் பழைய காரிலிருந்து முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, நான்கு தெரு தள்ளியிருந்த வீட்டில் மில் முதலாளியின் மேல்வரிசை முன்பல் ஒன்று, வலியோ ரத்தமோ இல்லாமல், அவர் குடித்துக்கொண்டிருந்த டீக்குள் விழுந்தது. பத்தே முக்காலுக்கு இரண்டாவது பிளக், இரண்டாவது பல். பதினொன்றே காலுக்கு மூன்றாவது. ஊரில் பல் டாக்டர் ஒருவர்தான் என்பதால் முதலாளியின் மருமகன் அவருக்கே போன் செய்து, மாமாவுக்கு அரைமணிக்கு ஒரு பல் வீதம் கொட்டுகிறது, உடனே பார்க்க முடியுமா என்று கேட்டான். டாக்டர் கிரீஸ் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு, பிடுங்கிய பல்லைப் போடுகிற எவர்சில்வர் தட்டில் வரிசையாகக் கிடந்த மூன்று பிளக்குகளைப் பார்த்தார். ஒவ்வொரு பல்லும் எத்தனை மணிக்கு விழுந்தது என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். இன்று கிளினிக் விடுமுறை, நாளைக்குக் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மீதி மூன்றையும் கழற்றினார்.

அந்தக் கார் ஒரு காலத்தில் முதலாளியுடையது. நீண்ட மூக்கு, கறுப்பு உடம்பு, ஆறு சிலிண்டர். அதை ஓட்டியவர் டாக்டரின் அப்பா. முப்பத்தேழு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளிக்குத் தானே ஓட்டிப் பார்க்க ஆசை வந்து, டிரைவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். டிரைவர் ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி ஷேவ் செய்ய ஆரம்பித்தார். இடது கன்னம் முடிந்து வலது கன்னத்தில் சோப்பு நுரைத்திருந்தபோது முதலாளி வேர்க்க விறுவிறுக்கப் பின்வாசல் வழியாக வந்தார். பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிறவர் சைக்கிளோடு காருக்கடியில் போயிருந்தார். சமையலறையில் நின்று பத்து நிமிஷம் பேசினார்கள். மூன்றே மாதத்தில் வெளியே எடுத்துவிடுகிறேன் என்று முதலாளி சொன்னதை, அப்போது ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்த டாக்டர் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். அப்பா சோப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் அவருக்கு ஒரு கன்னம் வழவழவென்றும் இன்னொரு கன்னம் மூன்று நாள் தாடியோடும் இருந்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்த மனிதன் எப்படிப் பாதி ஷேவில் இருப்பான் என்று போலீஸ் கேட்கவில்லை, நீதிபதி கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமலிருப்பதில் இந்த ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூன்று மாதம் நான்கு வருஷமானது. முதலாளி ஒருநாள்கூட ஜெயில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெளியே வந்த டிரைவர் அதற்குப் பிறகு ஷேவ் செய்யவேயில்லை, தாடியோடே செத்துப்போனார்.

செத்த மணிக்காரரின் மனைவி, டாக்டரின் கிளினிக்குக்கு நேரெதிரே குடியிருந்தார். டிரைவர் குடும்பத்தின் முகத்தில் முழிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தவர். பல்வலி வந்தால் இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார். டாக்டரின் போர்டைத் தாண்டும்போது வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வார். டாக்டர் ஜன்னலில் நின்று பார்ப்பார். வீக்கத்தைப் பார்த்தவுடனே எந்தப் பல் என்று அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்து என்ன செய்வது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வண்டியை ஓட்டியது நான் என்று முதலாளி தன் வாயால் சொல்ல வேண்டும். அது அந்த அம்மாளின் காதில் விழ வேண்டும். இதற்காகவே அவர் வேறு ஊரில் கிளினிக் வைக்காமல் இங்கேயே உட்கார்ந்திருந்தார்.

முதலாளி வீட்டு ஷெட்டைக் காலி செய்ய நினைத்த மருமகன் காரைப் பழைய இரும்புக்குப் போட இருந்தபோது டாக்டர் முந்திக்கொண்டு வாங்கினார். சுக்குநூறாகப் பிரித்துப் போட வேண்டும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அப்போதைய எண்ணம். டாக்டருடைய அம்மாவின் தம்பி ஒர்க்ஷாப் வைத்திருந்தார். ஊரே அவரைக் கிரீஸ் மாமா என்று கூப்பிடும். "நூறு வண்டி கொண்டா, பிரிச்சுத் தர்றேன். இதுல மட்டும் என் கை படாது. எங்கக்கா வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்ட வண்டி" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனர் பெட்டியை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆகவே, அதுவரை சைக்கிள் செயின்கூட மாட்டியறியாத டாக்டர், ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே பிரித்தார். கழற்றியதையெல்லாம் பல் அச்சு வைக்கிற அட்டைப்பெட்டிகளில் போட்டுப் பெயர் எழுதினார். முன்னாலிருந்து ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போடு என்று மாமா சொன்னார். டாக்டருக்குக் கை அப்படிப் பழகவில்லை. பல் டாக்டர்கள் நடுவிலிருந்துதான் எண்ணுவார்கள். வலது ஒன்று, இரண்டு, மூன்று. இடது ஒன்று, இரண்டு, மூன்று. வலது என்றால் நாற்காலியில் படுத்திருப்பவரின் வலது, அதாவது எதிரே நிற்கிற டாக்டரின் இடது கைப் பக்கம். எஞ்சினும் அவர் முன்னால் ஒரு தாடையைப் போலத்தான் கிடந்தது. அப்படியே எழுதினார்.

மறுநாள் முதலாளி வந்தார். ஈறு, பல்லே முளைக்காத குழந்தையின் ஈறு போலச் சுத்தமாக இருந்தது. டாக்டர் கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, விளக்கை அணைக்காமலே சொன்னார்.

"ஐயா, அன்னைக்கு வண்டிய யாரு ஓட்டினதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் எல்லாத்தையும் நிறுத்திடுறேன்."

எதை நிறுத்தப் போகிறார் என்று முதலாளிக்குப் புரியவில்லை. கேட்ட கேள்வி மட்டும் நன்றாகப் புரிந்தது. "உங்கப்பன்தான் ஓட்டினான். கோர்ட்டே சொல்லியாச்சு. பல்லைப் பாருன்னா பழங்கதை பேசுறே" என்றார். முன்பல் இல்லாததால் பாதிச் சொற்கள் காற்றாகத்தான் வந்தன. டாக்டர் விளக்கை அணைத்தார். அன்று மதியமே ரேடியேட்டரைக் கழற்றினார்.

ரேடியேட்டர் போனதும் முதலாளிக்கு வேர்ப்பது நின்றது; மே மாத வெயிலில் கோட் போட்டுக்கொண்டு திரிந்தார். ஆயிலை வடித்த வாரம் அவருடைய முழங்கால் கிறீச்சிடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. அவர் வருகிறார் என்று தெரிந்து மில்லில் ஆட்கள் சீட்டுக்கட்டை மறைத்துக்கொண்டார்கள். காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டர் கழன்று வந்த அன்றைக்கு மூக்குக்கு வாசனை தெரியாமல் போயிற்று; கருகிய ரொட்டியை ருசித்துத் தின்றார். எந்த சிலிண்டருக்கு எப்போது பொறி போக வேண்டும் என்று முறை வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை டாக்டர் எடுத்த பிறகு அவருக்கு எல்லாமே பிந்தி வந்தது. புதன்கிழமை சொன்ன ஜோக்குக்கு வெள்ளிக்கிழமை ஒரு சாவு வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார். செத்தவரின் தம்பிக்காரன் அவரைத் தள்ளி வெளியேற்றினான். அந்த அவமானம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது. ஊர்க்காரர்கள் இதைப் பற்றிப் பேசினார்கள், பிறகு விலைவாசியைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னால் டாக்டர் போன் செய்து அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே பதில் வந்தது. டாக்டருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. முதலாளி ஒத்துக்கொண்டுவிட்டால் அடுத்த நட்டைக் கழற்ற முடியாதே.

எஞ்சினின் மேல்மூடியைத் தூக்கிய அன்று முதலாளியின் குரல் போயிற்று. உள்ளே பிஸ்டன் தலைகளில் விரற்கடை கனத்துக்குக் கரி. டாக்டர் பல்லில் படிந்த காரையைச் சுரண்டுகிற ஊசிகளால் அதை ஒன்றரை மாதம் சுரண்டினார். அந்த ஒன்றரை மாதமும் முதலாளி கறுப்பாக இருமினார். ஆறு பிஸ்டன்களும் வெளியே வந்து, கடைசியாக மாமா அனுப்பிய இரண்டு ஆட்கள் எஞ்சின் கூட்டை வெளியே தூக்கி மேஜைமேல் வைத்து, கிராங்க் எனப்படும் நடு அச்சையும் எடுத்தபோது, முதலாளி சாய்வு நாற்காலியில் பேப்பரை நோக்கிக் கை நீட்டியபடியே நின்றுபோனார். சாகவில்லை. சாப்பிடவும் இல்லை. கண் மட்டும் உருண்டது. ஒரு மாதம் வரை உறவுக்காரர்கள் வந்து அழுதார்கள். அப்புறம் மகள் அவரையும் சேர்த்துத் தூசி தட்டினாள். மழைக்காலத்தில் அந்த நீட்டிய கையில் ஈரத் துண்டு காயப்போட்டார்கள்.

டாக்டர் ஒருநாள் போய் எதிரே உட்கார்ந்து பார்த்தார். முதல் கால்மணி நேரம் புண்ணில் ஐஸ்கட்டி வைத்தது போல இதமாக இருந்தது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. எதிர்வீட்டு அம்மாள் அன்றைக்கும் கைக்குட்டையோடுதான் பஸ் ஏறியிருந்தார். அப்பாவின் பெயர் கிடந்த இடத்திலேயே கிடந்தது. திரும்பி வந்து ஷெட்டில் பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதார்; ஆத்திரத்தில் வந்த அழுகை. முக்காலியிலிருந்த மாமா டீயை ஆற்றிக்கொண்டே, "கழட்டுறது யாரு வேணா கழட்டலாம் பாப்பா. கழட்டிப் போட்ட வண்டி ஹாரன் அடிக்குமா? அவன் வாயத் திறக்கணும்னா நீ மாட்டித்தான் ஆகணும்" என்றார்.

மாட்ட எட்டு மாதம் ஆனது. பெட்டியைப் பார்த்து, வலது ஒன்று, வலது இரண்டு என்று தன் இடது கைப் பக்கமாக ஒவ்வொன்றாக வைத்தார். ஒரு துளி ஐயம் வரவில்லை. மேஜையில் எஞ்சினை மாமா அனுப்பிய ஆட்கள் தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைத்திருந்தார்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் முன், பின் என்று பார்த்திருப்பார்கள். டாக்டருக்கு நாற்காலி எப்படித் திரும்பியிருந்தாலும் நோயாளியின் வலது தன் இடதுதான். முதலில் இருந்த பிஸ்டன் கடைசிக்குப் போயிற்று, கடைசியில் இருந்தது முதலுக்கு வந்தது, பிளக் ஒயர்களும் அப்படியே. எஞ்சினைக் காரில் இறக்கி, ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பினார். வண்டி உள்ளே வெடிக்க வேண்டியதையெல்லாம் வெளியே வெடித்தது. புகைக்குழாயில் தீ வந்தது, புறாக்கள் எழுந்தன, கிளினிக் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. ஆனால் ஓடியது.

நான்கு தெரு தள்ளி முதலாளி கையிலிருந்த ஈரத் துண்டை உதறிவிட்டு எழுந்தார். தண்ணீர் வேண்டும் என்று மகளிடம் கேட்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அன்னைக்கு வண்டிய ஓட்டினது நான்தான். அவன் வீட்டுல ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தான்."

மகள் சொம்பைக் கீழே போட்டாள். அவர் பதறிப்போய் இல்லை என்று மறுக்கப் பார்த்தார். அதே இரண்டு வாக்கியம். மருமகனைத் திட்டப் பார்த்தார், அதே. அன்றிலிருந்து அவர் மனதில் எதை நினைத்து வாயைத் திறந்தாலும் அந்த இரண்டு வாக்கியம்தான் வெளியே வந்தது, இத்தனை வருஷம் உள்ளே அடைத்து வைத்தது. பிளக்குகள் திரும்பியும் பல் திரும்பவில்லை; பொக்கை வாயில் காற்றுப் போவதால் ஊரில் பாதிப் பேருக்கு அது விளங்கவில்லை என்று கேள்விப்பட்ட டாக்டர், தானே அளவெடுத்து அவருக்குப் பல்செட் கட்டிக் கொடுத்தார். அவர் கையால் செய்ததிலேயே அருமையான பல்செட் அதுதான். ஒரு எழுத்துகூட வழுக்காது.

மாமா ஒரு வாரம் கழித்து எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். "முழுக்க முன்பின்னா மாட்டியிருக்கே. புகை வெளிய போற நேரத்துல பொறி விழுது. இப்படி மாட்டினா வண்டி ஓடவே கூடாது."

"ஓடுதுல்ல மாமா?"

"ஓடுது. ஏன்னு என்னைக் கேக்காதே. ரெண்டு நாள் வேலை, சரி பண்ணிடலாம்."

"இருக்கட்டும்" என்றார் டாக்டர். மருமகனும் விஷயம் கேள்விப்பட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "டாக்டர், எப்படியாவது ஒருதடவை திரும்பக் கழட்டி மாட்டிடுங்க. மாமா ஃபோன எடுத்தா அதையே சொல்றாரு. மானம் போகுது" என்று கெஞ்சினான். டாக்டர் அவனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, பொறுமையாகப் பதில் சொன்னார். "நான் பல் டாக்டர் தம்பி. எனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?" அதற்குப் பிறகும் திங்கட்கிழமை தவறாமல் காலை எட்டு மணிக்குக் காரை ஸ்டார்ட் செய்து கால்மணி நேரம் ஓடவிட்டார். விட்டுவிட்டால் முதலாளி தடுமாறி நின்றுபோவார் என்று அவருக்குத் தெரியும். நிற்க விடுவதாக இல்லை. வாழட்டும், நூறு வயது வாழட்டும், பேசட்டும் என்றுதான் அவர் எண்ணெய் மாற்றினார்.

ஊர் பழகிவிட்டது. முதலாளி அந்த வாக்கியங்களைச் சொன்னால் பேப்பர் கடைக்காரர் பேப்பரைக் கொடுப்பார், முடிவெட்டுகிறவர் காதோரம் குறைப்பார், பஸ் கண்டக்டர் மில் ஸ்டாப் டிக்கெட்டைக் கிழிப்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் வழிவிடுங்கள் என்று அர்த்தம். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் பழகவில்லை. முதல் தடவை அது காதில் விழுந்த அன்று வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பத்து மாதம் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டார். பதினோராவது மாதம் ஒரு காலை, கைக்குட்டை இல்லாமல் தெருவைக் கடந்து வந்து, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, டாக்டரின் நாற்காலியில் ஏறிப் படுத்தார்.

"வலது பக்கம்மா. கடைசிப் பல்லு. ரொம்ப வருஷமாவே இருக்கு."

"தெரியும்மா" என்றார் டாக்டர். மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து ஈறு மரத்துப்போகக் காத்திருந்தார். அப்போது எதிரே பேப்பர் கடையில் முதலாளியின் குரல் கேட்டது, பல்செட்டின் புண்ணியத்தில் மணி மணியாக, வண்டியை ஓட்டியது தான்தான் என்றும், அவன் வீட்டில் ஷேவ் செய்துகொண்டிருந்தான் என்றும். கடைக்காரர் சில்லறையும் பேப்பரும் கொடுத்தார். முதலாளி நன்றி சொல்ல நினைத்திருப்பார் போலும், மறுபடியும் அதையே சொன்னார்.

"சத்தமா இருக்கா? ஜன்னலைச் சாத்தட்டுமாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

வாய் நிறையப் பஞ்சோடு அந்த அம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினார்.