துன்பியலுக்கு மறுநாள்

1

இது கதையாக எழுதப்பட வேண்டியதே அல்ல. ‘நவீன மேலை இலக்கியத்தில் துன்பியல் நாடகத்தின் வீழ்ச்சி’ என்ற தலைப்பில் சங்கரன்கோவிலில் ஒரு கூட்டத்தில் பேசினேன். பேசியதைக் கட்டுரையாக்கித் தரும்படி ஒரு சிற்றிதழ் கேட்டது. எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்தி தாண்டுவதற்குள் ஒரு பெண் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். அவரை எழுப்பி அனுப்ப முடியவில்லை.

அவர் பெயர் பிரேமலதா. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சேலையும் நைட்டியும் விற்கும் கடை அவருடையது. கணவர் கோமதிநாயகம் எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர். அதனால் வட்டம் அந்தக் கடையின் மாடியில் கூடும். எப்போதும் வந்த ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். அன்று மட்டும் கூட்டம் நிறைந்திருந்தது. காரணம் நானல்ல. என் பேச்சுக்கு முன்னால் பிரேமலதாவுக்கு வியாபாரிகள் சங்கத்தார் பொன்னாடை போர்த்தினார்கள். ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போன ஒருவரைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தாராம். ஆள் பிழைக்கவில்லை. ஆனாலும் இந்தக் காலத்தில் யார் வண்டியை நிறுத்துகிறார்கள் என்று பேசினார்கள். எல்லோரும் கைதட்டினோம். அவர் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்.

பிறகு நான் பேசினேன். பழைய துன்பியல் நாடகத்தில் உயரத்தில் இருக்கும் ஒருவர் பிழை செய்கிறார், அதைத் தானே கண்டுகொள்கிறார், ஊர் பார்க்க ஒப்புக்கொண்டு விழுகிறார். விழும்போது பார்க்கிறவனுக்கும் வயிற்றைப் பிசைகிறது. நவீன காலத்தில் அரசர்கள் போனார்கள், தெய்வங்கள் போயின. மேடையில் சிம்மாசனம் இருந்த இடத்துக்கு சோபா வந்தது. டாக்டரும் வக்கீலும் மனநல ஆலோசகரும் வந்து எல்லாத் துயரத்துக்கும் காரணமும் சிகிச்சையும் சொன்னார்கள். காரணம் தெரிந்த துயரம் வெறும் பிரச்சினையாகிவிடுகிறது. பிரச்சினையை வைத்து நாடகம் போடலாம், துன்பியல் நாடகம் போட முடியாது. இவ்வளவுதான் என் பேச்சு. நன்றாகவே பேசியதாக நினைப்பு.

முடிந்ததும் கேள்வி உண்டா என்று கேட்டார்கள். யாரும் கேட்கவில்லை. படியிறங்கும்போது பிரேமலதாதான் கேட்டார்.

“சார், அந்த ராஜா எல்லாத்தையும் ஒத்துக்கிட்டுக் கீழ விழுதாருல்லா, மறுநாள் என்ன செய்வாரு?”

“அதோட நாடகம் முடிஞ்சிரும்மா.”

“நாடகம் முடியட்டும் சார். மறுநாள் விடியும்லா?”

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நல்ல கேள்வி என்று எனக்கு உறைத்தது சில வாரங்கள் கழித்து, ஊரே அவரைப் பற்றி வேறுமாதிரிப் பேசத் தொடங்கியபோதுதான்.

2

விபத்தை எப்படித் தொடங்குவது?

‘அதிகாலைப் பனியில் சிவகிரிச் சாலை வெள்ளித் தகடாக…’ (பனியே இல்லை. சித்திரை மாதம்.)

‘விதி அன்றைக்குக் கரிவலம்வந்தநல்லூர் பக்கம்…’ (விதியை எல்லாம் உள்ளே விட்டால் கட்டுரை கெட்டுவிடும்.)

நேராகவே சொல்கிறேன். சிவகிரியில் ஒரு சொந்தக்கார வீட்டு விசேஷத்துக்குப் போய் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் பிரேமலதா தனியாகக் காரோட்டி வந்தார். கடை திறக்க வேண்டும். கரிவலம்வந்தநல்லூர் தாண்டும்போது பக்கத்து சீட்டில் கிடந்த செல்போன் அடித்தது. எடுக்கக்கூட இல்லை, யாரென்று பார்த்தார். நிமிர்வதற்குள் சத்தம் கேட்டது. சைக்கிளோடு போன ஒருவர் விழுந்து கிடந்தார்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: போனில் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதுவது எளிதாகியிருக்கும். அழைத்தது மகள் என்றால் ஒரு கதை, ஜவுளி ஏஜென்ட் என்றால் வேறு கதை.)

அவர் ஓடிவிடவில்லை. இறங்கி, அந்த மனிதரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது பைக்கில் இரண்டு பேர் வந்து நிறுத்தினார்கள்.

“யாரும் அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டானாக்கா?”

அவர் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

“பொய் சொல்லணும்னு ஆட்டல சார்” என்று என்னிடம் சொன்னார். “அவங்க கேட்டாங்க, தல தானா ஆடிருச்சு. பொறவு எல்லாம் அதும் பாட்டுக்கு நடந்துது.”

அந்த இருவரும் தூக்கிக் காரில் ஏற்ற உதவினார்கள். ஆஸ்பத்திரியில் போலீசாரிடமும் அவர்களே முந்திக்கொண்டு விவரம் சொன்னார்கள். ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள். காரின் முன்விளக்கு உடைந்திருந்ததை கோமதிநாயகம் வீட்டில் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. “நாமதான கொண்டு போய்ச் சேத்தோம், அது போதும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை வெளியூரில் விட்டுச் சரிசெய்துகொண்டு வந்தார்.

3

இறந்தவர் பெயர் காசி. வயல்வேலைக்குப் போகிறவர். மனைவி முருகம்மாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முருகம்மாள் பிரேமலதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அவுக எதுவும் சொன்னாவளா தாயி?” என்று கேட்டார். “உங்க பேரத்தான் சொன்னாவ” என்றார் பிரேமலதா. முருகம்மாள் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, “எம்பேரையா? எம்பேரையா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

என் பேச்சில் விட்டுப்போன ஒரு காரணம் இங்கே இருக்கலாம் என்று தோன்றுகிறது. பழைய நாடகத்தில் ஊர் எப்போதும் மேடையிலேயே நிற்கும். பாடும், கேட்கும், எச்சரிக்கும், அழும். ஒருவன் மறைத்தால் அது துருவும். எங்கள் ஊரும் மேடைக்கு வந்தது. பொன்னாடையோடு வந்தது. வாட்ஸ்அப்பில் படம் போட்டது. துருவவில்லை, துருவ யாருக்கும் நேரமில்லை. மேலை நாட்டில் துன்பியல் நாடகம் எதனால் தேய்ந்தது என்று நான் எத்தனையோ புத்தகம் படித்துச் சொன்னதெல்லாம்…

(இந்த வாக்கியத்தை முடித்தால் நான் கெட்டிக்காரனாகத் தெரிவேன். விட்டுவிடுகிறேன்.)

4

காரியமெல்லாம் முடிந்து, என் பேச்சும் முடிந்து, ஒருநாள் பிரேமலதா கரிவலத்திலிருக்கும் முருகம்மாள் வீட்டுக்குப் போனார். காரை எடுக்க மனமில்லாமல் பஸ்ஸில் போனார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் காட்சியை நான் வேறு இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் முருகம்மாள் தலையை விரித்துப்போட்டு மண்ணை வாரித் தூற்றுகிறார், தெரு கூடுகிறது. பழைய நாடகம் அதைத்தான் கேட்கும். இன்னொன்றில் பிரேமலதாவைக் கட்டிக்கொண்டு அழுது மன்னிக்கிறார். அதைப் பத்திரிகைகள் கேட்கும். நடந்தது இரண்டுமில்லை.

முருகம்மாள் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். “வாங்க தாயி” என்று சொல்லி, பாயை எடுத்துப் போட்டார். பிரேமலதா உட்காரவில்லை.

“யக்கா, யாரோ அடிச்சுப் போட்டுட்டுப் போனதாச் சொன்னாங்கல்லா. யாரும் இல்லக்கா. நான்தான்.”

முருகம்மாளுக்கு உடனே விளங்கவில்லை. “என்ன சொல்லுதிய?”

“எங் காருதான் இடிச்சுது. போனப் பாத்துக்கிட்டு வந்தேன்.”

முறம் கீழே வந்தது, உளுந்து சிந்தியது. முருகம்மாள் கேட்டார்:

“அப்ப, அவுக எம்பேரச் சொன்னாவன்னு சொன்னியளே?”

பிரேமலதா இதை எதிர்பார்க்கவில்லை. அடிப்பார், திட்டுவார், போலீசுக்குப் போவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகி வந்தவர். ஆமாம் என்று சொல்லிவிட வாய்வரை வந்ததாம். ஆனால் உண்மையைச் சொல்லத்தானே வந்தோம் என்று தோன்றியதாம்.

“இல்லக்கா. அவுக ஒண்ணும் பேசல. நெனவே இல்ல.”

முருகம்மாள் சிந்தியிருந்த உளுந்தைக் கையால் கூட்டி முறத்தில் போட்டார். எல்லாவற்றையும் பொறுக்கினார்.

“அத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்” என்றார்.

அதற்குமேல் ஒன்றுமில்லை. பிரேமலதா திரும்பி வந்து பஸ் ஏறினார்.

(பின்னாளில் கோர்ட் வராந்தாவில் முருகம்மாளிடம் நான் கேட்டேன். அப்படிச் சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லை. “சொல்லியிருப்பேன்” என்றார்.)

5

மறுநாள் விடிந்தது.

பிரேமலதா காவல் நிலையத்துக்குப் போனார். கோமதிநாயகம் முதலில் கத்தினார். “ஒங்கிட்ட யாரு கேட்டா? எவனாவது கேட்டானா? நம்ம பிள்ளைய நெனச்சுப் பாத்தியா?” அவர்களுடைய மகள் அனு கோயம்புத்தூரில் படிக்கிறாள். கத்தி முடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, வக்கீலையும் கூட்டிக்கொண்டு அவரும் பின்னாலேயே போனார்.

வழக்குப் பதிந்தார்கள். அன்றைக்கே ஜாமீனில் விட்டார்கள். சாயங்காலம் கடை திறந்திருந்தது.

இதுதான் என்னை மிகவும் தொந்தரவு செய்த இடம். உயரத்திலிருந்து விழுகிறவர் விழுந்துதானே ஆக வேண்டும்? பிரேமலதா சொன்னார்: “எல்லாம் போயிரும்னு நெனச்சேன் சார். பொறவு பாத்தா, ஒரு அம்மா வந்து பச்சைக் கலர்ல நைட்டி இருக்கான்னு கேக்காங்க. எடுத்துக் குடுத்தேன்.” சிலர் அவரைப் பார்ப்பதற்காகவே வந்தார்கள். சிலர் பேசாமல் வேறு கடைக்குப் போனார்கள். வியாபாரிகள் சங்கம் பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவில்லை. அவரே கொண்டுபோய்க் கொடுத்தபோது, “அது இருக்கட்டும்மா, வச்சுக்கிடுங்க” என்றார்களாம்.

வயிற்றைப் பிசைய ஒன்றுமில்லை. பிழைக்குரிய அளவுக்கு ஒரு தண்டனையை உலகம் கையில் வைத்திருக்கும் என்ற நம்பிக்கை பழைய நாடகத்துக்கு இருந்தது. நாமோ ஜாமீன் விண்ணப்பத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறோம்.

6

இந்தப் பகுதியை எழுதுவதா என்று யோசித்தேன். பிரேமலதாவே சொன்னார்: “எழுதுங்க சார். என்ன நல்லவளாக் காட்டிராதிய.”

நீதிமன்றத்தில் முதல் நாள் நடுவர் கேட்டார்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?

இல்லை என்றார் பிரேமலதா.

வக்கீல் சொல்லித்தந்ததுதான். போலீசில் நீங்கள் சொன்னது கோர்ட்டில் நிற்காது, கண்ணால் பார்த்த சாட்சி கிடையாது, கார் சரிசெய்தாகிவிட்டது, மகள் இருக்கிறாள், ஒப்புக்கொண்டால் ஜெயில் வரைக்கும் போகலாம். நியாயமான வார்த்தைகள்.

இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். உளுந்து சிதறிக் கிடந்த முற்றத்தில் உண்மையைச் சொன்னவரும் கூண்டில் இல்லை என்றவரும் ஒரே ஆளா? கதையில் நம்புவார்களா? அவரிடமே கேட்டேன்.

“ரோட்டுல தலைய ஆட்டினேன்லா, அதே மாதிரிதான் சார் இதுவும். எல்லாரும் நீ இல்லன்னு சொல்லுவன்னு பாத்துக்கிட்டு நிக்காங்க. வாய் இல்லன்னுட்டுது.” பிறகு சொன்னார்: “முருகம்மாக்காகிட்டச் சொல்லும்போது யாருமே பாக்கல.”

இப்போது வழக்கு ஒரே ஒரு ஆளை நம்பி நிற்கிறது. பிரேமலதா தன் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்டவர். அரசுத் தரப்பு சாட்சி, முருகம்மாள். கோமதிநாயகம் ஒருநாள் கரிவலத்துக்குப் போய், “கோர்ட்டுல என்ன சொல்லப் போறிய?” என்று கேட்டிருக்கிறார். “கேக்கும்போது சொல்லுதேன்” என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார் முருகம்மாள்.

7

சாட்சி விசாரணை நாளன்று நானும் போனேன். பிரேமலதாவும் கணவரும் வக்கீலும் உள்ளே இருந்தார்கள். சாட்சி, தன்னைக் கூப்பிடும்வரை வெளியே இருக்க வேண்டும். வராந்தா பெஞ்சில் முருகம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

“நீங்கதான் எழுதுதவிய. அவுகளப் பத்தி என்ன எழுதியிருக்கிய?”

கையில் பிரதி இருந்தது. புரட்டினேன். ‘சைக்கிளோடு போன ஒருவர் விழுந்து கிடந்தார்’ என்று ஒரு வரி. ‘வயல்வேலைக்குப் போகிறவர்’ என்று ஒரு வரி. வாசித்துக் காட்டினேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாம்மா.”

அவர் கோபப்படவில்லை. “அவுகளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது” என்றார். “கல்யாணத்துக்கு எங்கய்யா வாங்கிக் குடுத்தது. ஒருநாளும் ஏறினதில்ல. உருட்டிக்கிட்டே போவாவ, உருட்டிக்கிட்டே வருவாவ. புல்லுக்கட்ட வைப்பாவ, உரமூட்டைய வைப்பாவ. ஒருக்கா எனக்குக் காய்ச்சல்னு என்னையத் தூக்கி வச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் உருட்டிக்கிட்டே வந்தாவ. ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், காய்ச்சலோட.” சொல்லும்போதே சிரித்தார். பிறகு, “கோவக்காரவுகதான். சோத்துல உப்புக் கொறஞ்சா தட்டு பறக்கும். அதையும் எழுதிக்கிடுங்க” என்றார்.

எழுதிக்கொண்டேன்.

“அவுக பேரு என்னன்னு போட்டிருக்கிய?”

எல்லாப் பெயரையும் மாற்றப்போவதாகச் சொன்னேன். வழக்கு நடக்கிறது, அதுதான் வழக்கம் என்றேன்.

“மத்தவங்க பேர மாத்துங்க. அவுக பேரு இருக்கட்டும்.”

இருக்கிறது.

உள்ளே ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டது. முருகம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: “நான் உள்ளதச் சொன்னா, அந்தக் கடைக்காரப் பிள்ளைய உள்ள வச்சிருவாங்களா?”

“வைக்கலாம். அபராதத்தோட விட்டாலும் விடலாம். தெரியலம்மா.”

“ஞாபகம் இல்லன்னு சொன்னா?”

“வீட்டுக்குப் போயிருவாங்க.”

“ம்” என்றார்.

இரண்டு முடிவுகளும் என்னிடம் எழுதித் தயாராக இருந்தன. ஒன்றில் முருகம்மாள் எல்லாவற்றையும் சொல்கிறார், பிரேமலதா அதைக் கேட்டதும் எழுந்து நின்று ஆமாம் என்கிறார். மற்றதில் முருகம்மாள் ஞாபகமில்லை என்கிறார், பிரேமலதா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருகிறார். முதலாவதில் பழைய நாடகத்தின் வாடை அடிக்கிறது, இரண்டாவதில் நவீன நாடகத்தின் வாடை. இரண்டிலும் முருகம்மாள் எனக்கு வேண்டியதைத்தான் செய்கிறார்.

டவாலி வெளியே வந்து, “முருகம்மாள்… முருகம்மாள்…” என்று கூப்பிட்டார். அவர் எழுந்தார். செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் கழற்றி வைத்தார். வேண்டாம், போட்டுக்கொண்டே போகலாம் என்று டவாலி சொல்லியும் வெறுங்காலோடு உள்ளே போனார்.

நான் பின்னால் போகவில்லை. வாசற்கதவை யாரும் சாத்தவில்லை. அது பொது நீதிமன்றம், யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். நீங்கள் போகலாம்.